நீ சும்மா இரு, நான் கதைக்கிறன்

அக்கா இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் அக்காவால் வேலை கிடைத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதுகிறார்களாம். நானும் எழுத வேண்டுமாம். எனக்கு எழுத வராது என்றேன்.

"அப்ப நாங்களே எழுதி உங்கட பேரைப் போடுறம் அன்ரி. ஒரு படம் மட்டும் அனுப்புங்கோ" என்றாள்.

படம் அனுப்பவில்லை. எழுத வராது என்று சொன்னதும் பொய்தான். எழுத வரும். ஆனால் அக்காவைப் பற்றி எனக்கு எழுத வருவது மலரில் போடக்கூடியது இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். எங்கள் எல்லாருக்கும் அவர் அக்காதான், பெயர் சொல்லப் போவதில்லை. மலரின் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிறது, அது போதும்.

போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம். எங்கள் ஆட்களில் முதலில் இந்த ஊருக்கு வந்தவர்களில் ஒருவர். வீடு கூட்டிக்கொண்டே இத்தாலியனைக் காதால் பிடித்தவர். நாங்கள் மன்னாரிலிருந்து வந்து இறங்கியபோது எங்கள் வாயில் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, டாக்டரைப் பார்க்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவிடம் லீவு கேட்க, எல்லாவற்றுக்கும் அக்காதான். குட்டை உருவம், சிவப்புக் கைப்பை. எங்கே கூட்டிப்போனாலும் எங்களுக்கு இரண்டு அடி முன்னால் நடப்பார். யாரிடமும் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடித்ததில்லை. இதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். காசு வாங்குகிறவராக இருந்திருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருக்கு ஒரு பேச்சு இருந்தது. கதவைத் தட்டுமுன் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்லுவார்: "நீ சும்மா இரு, நான் கதைக்கிறன்."

உள்ளே போனால் அப்படியேதான் நடக்கும். கேள்வி எனக்கு, பதில் அவருடையது. பல தடவை கேள்வி ஒன்று கேட்கப்பட்டதே எனக்குத் தெரியாது. முதல் வருடம் எனக்கு வயிற்றில் ஒரு வலி இருந்தது. எங்கே தொடங்கி எங்கே போகிறது, எந்தச் சாப்பாட்டுக்கு வருகிறது, மாதத்தில் எந்த நாட்களில் கூடுகிறது என்றெல்லாம் டாக்டருக்குச் சொல்லச் சொல்லி நீளமாய்ச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு டாக்டரிடம் இரண்டே சொல் சொன்னார். டாக்டர் செரிமானத்துக்கு ஒரு குளிசை எழுதினார். அந்த வலியோடு நான் இன்னும் ஒன்பது மாதம் திரிந்தேன். பிறகு கட்டி என்று கண்டுபிடித்து வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழத்தோடு வந்த அக்கா, டாக்டர்மாருக்கு எங்களைக் கண்டால் அக்கறையில்லை என்று குறைப்பட்டார்.

நாங்கள் சொன்னதை அவர் வெட்டும்போது ஒரு அடையாளம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் காலம் எடுத்தது. கழுத்தில் மாதா பதக்கம் கோத்த மெல்லிய சங்கிலி போட்டிருப்பார். நாங்கள் சொன்னதை அப்படியே சொல்லப்போகிறார் என்றால் கை பேசாமல் இருக்கும். எதையாவது விழுங்கப்போகிறார், மாற்றப்போகிறார் என்றால் அந்தச் சங்கிலியை ஒரு விரலால் சட்டைக்குள் தள்ளிவிடுவார். மாதா பார்க்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

சங்கிலி உள்ளே போனதை நான் முதன்முதலில் கவனித்தது பாவசங்கீர்த்தனத்தில். அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முன் வரவேண்டிய தமிழ்ச் சுவாமியார் வரவில்லை. இத்தாலியச் சுவாமியார்தான் இருந்தார். மொழி தெரியாதவர்கள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம், கேட்டவர் வெளியில் சொல்லக் கூடாது என்றார்கள். பக்கத்தில் யார், அக்காதான். நாங்கள் பதினொரு பெண்கள் வரிசையில் நின்றோம். ஒருத்தி போய் முழந்தாளிட, அக்கா நடுவில் குனிந்து நிற்பார். அடுத்தவள் போக, அக்கா அங்கேயே நிற்பார். அன்றைக்கு அவர் இடுப்பு எப்படித் தாங்கியதோ தெரியாது.

என் முறை வந்தது. மாமியோடு கதையாமல் இருக்கிறேன் என்றேன். பிறகு, என் தம்பியைக் கொண்டுபோன கடவுளோடு எனக்கு இன்னும் கோபம், செபம் சொல்லும்போது வாய் மட்டும்தான் அசைகிறது என்றேன். அதை நான் யாருக்கும் அதுவரை சொன்னதில்லை. அக்கா என்னைப் பார்த்தார். சங்கிலி உள்ளே போனது. "இதெல்லாம் அந்தாளுக்கு விளங்காது பிள்ளை" என்று எனக்கு மெல்லச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல் எனக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு கிடைக்கிற நாள் என்பதால் அந்தச் சொல்லை முதலிலேயே பாடமாக்கியிருந்தேன். ஞாயிறு பூசைக்கு நான் ஒழுங்காகப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். சுவாமியார் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். ஒரு பூசையும் தவறவிடாத நான், செய்யாத பாவத்துக்கு முழந்தாளில் நின்று மூன்று செபம் சொன்னேன். செய்த பாவம் என்னோடு வீட்டுக்கு வந்தது.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்லி வந்தேன், ஏரிக்கரைக்குப் போகும்வரை.

பொலிதேமா பக்கம் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு சிஞ்ஞோரா தன் தகப்பனைப் பார்க்க ஆள் தேடினார். அக்கா என்னைக் கூட்டிப்போனார். எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். என் மனிசன் மன்னாரில் இருந்தார். அவரைக் கூப்பிட எனக்கு ஒழுங்கான வேலை ஒப்பந்தம் ஒன்று கையில் இருக்க வேண்டும், அது அறுபடாமலும் இருக்க வேண்டும். சிஞ்ஞோரா என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. சங்கிலியை உள்ளே தள்ளி, என் தோளில் தட்டி, சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். நானும் சிரித்தேன். வேலை கிடைத்தது.

படியால் இறங்கும்போது என்ன கேட்டவ என்று கேட்டேன். முன்பு வேலைக்கு நின்ற பெண், கிழவனைக் கதிரையில் விட்டுவிட்டுக் கடலில் நீந்தப் போய்விடுவாளாம். நானும் அப்படி நீந்தப் போகிற ஆளா என்று கேட்டாராம். எங்கட பொம்பிளையள் தண்ணியைக் கண்டாலே நடுங்குவினம், இவள் அதிலும் பெரிய பயந்தாங்கொள்ளி என்று அக்கா சொன்னாராம்.

எனக்கு நீந்தத் தெரியும். பேசாலைக் கடலில் என் அண்ணன்மாருக்குச் சமமாக நீந்தி வளர்ந்தவள் நான். அதைச் சொன்னேன். தெரிந்தால் தெரிந்துகொண்டு இரு, நீ வந்தது வேலைக்கு என்றார் அக்கா. சரியென்றுதான் எனக்கும் பட்டது. ஒரு பொய், வேலை கிடைத்தது, யாருக்கு நட்டம் என்று நினைத்தேன்.

யாருக்கு நட்டம் என்று தெரிய இரண்டு வருடம் எடுத்தது.

அந்தத் தகப்பனை நான் நொன்னோ என்று கூப்பிட்டேன். தாத்தாவுக்கு இவர்கள் சொல்லும் சொல். எண்பது தாண்டியவர், ரயில்வேயில் இஞ்சினியராக இருந்தவர். சிசிலிக்காரர் இல்லை. வடக்கே, ஆல்ப்ஸ் மலைக்குள் ஒரு சின்ன ஏரிக்கரையில் பிறந்து, வேலைக்காக பலெர்மோவுக்கு வந்து, கல்யாணம் கட்டி, இங்கேயே நின்றுவிட்டவர். ஏரிக்கரையில் அவருடைய பழைய வீடு இருந்தது. ஒவ்வொரு ஆவணி மாதமும் அவரையும் என்னையும் சிஞ்ஞோரா அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார். விமானம், பிறகு மூன்று மணிநேரம் கார். சனி ஞாயிறுகளில் சிஞ்ஞோரா வருவார். மற்ற நாட்களில் நாங்கள் இரண்டு பேர்.

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. படத்தில் பார்த்தால் எல்லாருக்கும் பிடிக்கும். தண்ணீர் பச்சையாக, அடியில் கல்லு தெரிகிற மாதிரி இருக்கும். மோட்டார் படகு விடக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. ஆட்கள் வந்து சத்தமில்லாமல் உடுப்பு மாற்றி, சத்தமில்லாமல் நீந்தி, சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டு போவார்கள். எதிரே வந்தால் காலை வணக்கம் சொல்லுவார்கள், அவ்வளவுதான், அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்வார்கள். கடைக்காரியும் நான் போனால் பொருளைச் சுட்டிக்காட்டும்வரை காத்திருப்பாள். பலெர்மோவில் என்னைத் திட்டுகிறவனும் கூடக் கதைத்துத்தான் திட்டுவான். இங்கே ஏரியைச் சுற்றியும் காடு, காட்டைச் சுற்றியும் மலை, நடுவில் நானும் நொன்னோவும்.

காலையில் காட்டுக்குள் நடப்போம். தடி ஊன்றி மெல்ல மெல்ல முக்கால் மணிநேரம் நடப்பார். மரத்துக்கு மரம் பெயர் சொல்லுவார். இலையுதிர்க்கிற ஊசிமரம் ஒன்றைத் தடியால் தொட்டுத் தொட்டுக் காட்டி மூன்று தடவை சொல்லித் தந்தார், அது மட்டும்தான் மனதில் நின்றது. மேலே ஓரிடத்தில் மரங்கள் விலகி ஏரி முழுவதும் தெரியும். அங்கே நின்று தடியை நீட்டி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு கோடு இழுப்பார். இருபது வயதில் அவர் நீந்திக் கடந்த வழி அது. அதைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை.

பிறகு கீழே வந்து, தண்ணீருக்குள் நீண்டிருக்கும் மரத்துறையில் உள்ள வாங்குப் பலகையில் இருப்போம். அவர் சப்பாத்தைக் கழற்றுவார், கால்மேஸைக் கழற்றுவார். தண்ணீரைக் காட்டி, என்னைக் காட்டி, ஏதோ கேட்பார். எதைக் கேட்டாலும் முகத்தில் சிரிப்போடு "சீ" சொல்லு என்று அக்கா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். சீ என்றால் ஆம், எங்கள் ஓம். நான் சீ என்பேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அசைய மாட்டேன். கொஞ்ச நேரத்தில் கால்மேஸை மறுபடி போடுவார், சப்பாத்தைப் போடுவார். முதல் வருடம் ஒவ்வொரு நாளும் இது நடந்தது. வயதானவருக்குக் கால் வேர்க்கிறது, காற்றாட விடுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருடம் எனக்கு மொழி கொஞ்சம் பிடிபட்டிருந்தது. அவர் கேட்டது விளங்கியது. இறங்குவோமா என்று கேட்டிருக்கிறார். ஒரு மாதம் முழுக்க, ஒவ்வொரு காலையும், இறங்குவோமா என்று கேட்டிருக்கிறார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு அசையாமல் இருந்திருக்கிறேன்.

அந்த வருடம் அவர் மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். "நீந்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் மட்டும்தான் இறங்கலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். நீ தண்ணீருக்குப் பயம். அது உன் பிழை இல்லை." என் கையில் தட்டிவிட்டு கால்மேஸைப் போட்டார். சாவதற்குமுன் ஒரு தடவை அந்தத் தண்ணீரில் மிதக்க வேண்டும், அவருக்கு வேறு ஒரு ஆசையும் இல்லை.

அந்த ஊரில் தொலைபேசி எடுபடுவது கோயில் படியில் மட்டும். அங்கே போய் நின்று அக்காவுக்கு எடுத்தேன். நீந்தத் தெரியும் என்று சிஞ்ஞோராவிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

"விசர்க்கதை கதையாதை" என்றார் அக்கா. "என்ர சொல்லை நம்பி அந்தத் தெருவில ஆறு வீட்டில எங்கட ஆக்கள் நிக்கினம். ஒண்டு பொய்யெண்டு தெரிஞ்சால் ஆறும் பொய்தான். உன்ர மனிசன்ர அலுவலும் அவ்வளவுதான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். முதல் வருடம் அது அக்காவின் பொய். அன்றிலிருந்து அது என்னுடையதும். இதை நான் மறைக்கவில்லை.

மார்கழியில் என் மனிசன் வந்து சேர்ந்தார். இனி எனக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனி மாதம் அக்காவின் வீட்டுக்கே போனேன். கிழவர் இன்னொரு ஆவணியைக் காண்பாரோ தெரியாது, நான் சொல்லத்தான் போகிறேன் என்றேன். அக்கா சண்டை பிடிக்கவில்லை. கதிரையில் இருத்தி, வாழைப்பழம் தந்து, அன்பாகச் சொன்னார். நீ போய்ச் சொன்னால் பொய்க்காரி என்று ஆகிவிடுவாய், உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான், நானே போய்ப் பக்குவமாகச் சொல்லுகிறேன் என்றார். நன்றாகத்தான் இருந்தது அந்தக் கதை. சம்மதித்தேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு பூசை முடிந்து கோயில் வாசலில் என்னைத் தனியே இழுத்தார். வெயிலுக்குக் கழுத்தைச் சுற்றி லேஞ்சித் துணி கட்டியிருந்தார். அதனால் சங்கிலியை நான் பார்க்கவில்லை.

"சொல்லிப்போட்டன். சிஞ்ஞோரா ஒண்டும் கோவிக்கேல்லை. ஆனால் வேண்டாமாம். தேப்பனுக்கு நெஞ்சு ஏலாதாம், ஆர் நிண்டாலும் தண்ணிக்கை விடக் கூடாதாம். நீ இனி அந்தக் கதையை எடாதை, அவவுக்கு அது கவலை."

நான் நம்பினேன். எத்தனை தடவை வெட்டியதைப் பார்த்தவள், நம்பினேன். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும். எனக்கு அப்போது மொழி வரும், சிஞ்ஞோராவை நேரே கேட்டிருக்கலாம். ஆனால் அக்கா கதைத்து முடித்த விஷயத்தை மறுபடி போய்க் கேட்பது அவரை அவமதிப்பது, எங்களுக்குள் அப்படித்தான் இருந்தது. நொன்னோவிடமும் சொல்லவில்லை. உங்கள் மகள்தான் மறுக்கிறார் என்று ஒரு தகப்பனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே மூன்றாம் வருடமும் அந்த வாங்கில் இருந்தோம். அந்த வருடம் அவரால் காட்டுக்குள் நடக்க முடியவில்லை. மேலே ஏரி முழுவதும் தெரியும் இடத்துக்கு நாங்கள் போகவில்லை. கால்மேஸை நான்தான் கழற்றிவிட்டேன். துறையின் விளிம்பில் இருத்திப் பார்த்தேன், கால் தண்ணீரைத் தொட நாலு விரல் குறைவாக இருந்தது. ஒரு வாளியில் ஏரித் தண்ணீரை அள்ளி வந்து அவர் காலை அதற்குள் வைத்தேன். குளிர் தாங்காமல் சிரித்தார். அவ்வளவுதான் என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது. நீந்தத் தெரிந்த நான், ஏரியை வாளியில் கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுத்த வருடம், பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில் நொன்னோ பலெர்மோவில் இறந்தார். கால்சாவில் ஒரு சின்னக் கோயிலில் பூசை. அக்காவும் வந்திருந்தார். வெளியில் வரும்போது சிஞ்ஞோரா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

"கடைசி வருடமும் அப்பா கேட்டார். நீந்தத் தெரிந்த ஒருவர் பிடித்துக்கொண்டால் கரையோரமாக இறங்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அந்த ஊரில் ஒருவரைத் தேடிப் பிடிக்காமல் விட்டுவிட்டேன். நீயும் பாவம், உனக்குத் தண்ணீர் பயம்."

பழக்கதோஷத்தில் அக்கா குறுக்கே வந்தார். சங்கிலி உள்ளே போனது. "தேப்பனை நல்லாப் பாத்தனியாம். நன்றியாம்" என்று எனக்குத் தமிழில் சொன்னார்.

ஆனி மாதம் அக்கா ஒன்றும் சொல்லவே இல்லை. அக்காவைத் தாண்டி, சிஞ்ஞோராவைப் பார்த்து, இத்தாலியனிலேயே சொன்னேன். எனக்கு நீந்தத் தெரியும் சிஞ்ஞோரா. சின்ன வயதிலிருந்து தெரியும்.

சிஞ்ஞோராவுக்கு விளங்கவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார். நான் இத்தாலியனில் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவைப் பார்த்தார். அக்காவும் ஒரு நொடி தாமதிக்காமல், அதே இத்தாலியனில் எடுத்துச் சொன்னார். இவள் பாவம் சிஞ்ஞோரா, அழுது களைத்துப்போனாள், சொல்வது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை, நீந்தத் தெரிந்திருந்தால் உங்கள் அப்பாவை இறக்கியிருப்பேன் என்கிறாள். சிஞ்ஞோரா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருடைய தோளுக்கு மேலால் நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கைப்பையைத் திறந்து எனக்குத் துடைக்கத் தாள் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பூசையில் சமாதானம் சொல்லக் கை நீட்டுவார், நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு எங்கள் ஆட்கள் கூட்டமாகப் போய்ச் சோற்றுப் பார்சலோடு கடற்கரையில் இருக்கும் நாட்களில், தண்ணீருக்குப் பயந்த பிள்ளைக்கு ஏரிக்கரையில் வேலை எடுத்துக் கொடுத்த கதையை அவர் எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று கேள்விப்பட்டேன். நான் போவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் அவரை நான் முழுதாக வெறுத்தது அந்த ஆவணியில். சிஞ்ஞோரா ஏரிக்கரை வீட்டை விற்க முடிவுசெய்து, வெறுமையாக்க என்னைக் கூட்டிப்போனார். கால்மிதிகளை அலசத் துறைக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றேன். சிஞ்ஞோரா மேலிருந்து ஓடிவந்தார். கவனம், அதற்கு அப்பால் ஆழம் என்றார். அவர் கையில் ஒரு நீலக் குளியல் காற்சட்டை இருந்தது. அலுமாரியில் கண்டெடுத்தாராம். மூன்று வருடமும் கிழவர் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல்.

அதை மடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார். "அன்றைக்குக் கோயில் வாசலில் நீ சொன்னது... உனக்கு உண்மையிலேயே நீந்தத் தெரியுமா?"

நடுவில் யாரும் இல்லை. கேள்வி என்னிடம். நான் இரண்டு எட்டு வைத்தால் போதும், வாயைத் திறக்கவும் தேவையில்லை. அவருடைய கையைப் பார்த்தேன். தெரியும் என்று சொன்னால் இந்தப் பெண் சாகும்வரை அந்தக் காற்சட்டையை மடித்துக்கொண்டே இருப்பார் என்று பட்டது.

"இல்லை சிஞ்ஞோரா" என்றேன். "எனக்குப் பயம்."

அவர் மூச்சு விட்டார். நான் கால்மிதியைப் பிழிந்தேன். ஒருத்திக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று நானே முடிவெடுத்து, நானே வெட்டி, நல்ல மனதோடு கொடுத்தேன். அக்கா எனக்குச் செய்த எல்லாவற்றிலும் இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பத்து நாளைக்கு முன் முப்பத்தோராம் நாள் நடந்தது. போகாமல் இருந்திருக்கலாம். என் மனிசன் போகத்தான் வேண்டும் என்றார். மண்டப வாசலில் எல்லாருக்கும் மலர் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் என் பெயர் இருந்தது. யாருடைய தொலைபேசியிலிருந்தோ என் படத்தையும் எடுத்துப் போட்டிருந்தார்கள். தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய எனக்கு ஏரிக்கரையில் வேலை எடுத்துத் தந்து என் குடும்பத்தை வாழவைத்த தாய் என்று நான் எழுதியிருந்தேன். கண்ணீரோடு எழுதியிருந்தேன்.

அக்காவின் மகள் வந்து என் கையைப் பிடித்தாள். இங்கேயே படித்து வளர்ந்தவள், இப்போது எங்கள் ஆட்களை டாக்டரிடம் கூட்டிப்போவது அவள்தான். கழுத்தில் தாயின் சங்கிலி. எல்லாப் பக்கத்திலும் என் பக்கம்தான் நன்றாக வந்திருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்களாம்.

"அது நான் எழுதேல்லை பிள்ளை" என்றேன். "எனக்கு நீந்தத் தெரியும். உன்ர அம்மாவுக்கும் அது தெரியும்."

அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அம்மா எல்லாம் சொன்னவ அன்ரி. கடைசியா ஆஸ்பத்திரியில. உங்களிட்டை மன்னிப்புக் கேக்கச் சொன்னவ."

எத்தனை வருடம் இதற்குக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மன்னித்துவிடவும் தயாராகத்தான் இருந்தேன்.

"என்னெண்டு சொன்னவ?" என்று கேட்டேன். "அவ சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லு."

அவளுடைய மற்றக் கை கழுத்துக்குப் போனது. ஒரு விரலால் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளினாள்.

"மன்னிக்கச் சொல்லெண்டுதான் அன்ரி. அப்பிடித்தான் சொன்னவ."

தாய் எல்லாம் சொல்லியிருந்தால் பத்தொன்பதாம் பக்கத்தை இவள் அப்படி எழுதியிருப்பாளா? பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனதோடுதான் கொடுத்தாள். நான் என் கையை எடுத்துக்கொண்டேன். மலரை அவளிடமே கொடுத்தேன்.

உள்ளே வாழையிலை போட்டுச் சோறு பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். என் மனிசன் எனக்கும் ஓர் இடம் பிடித்துவைத்துக் கையைக் காட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் வாசலைத் தாண்டி வெளியே வந்தேன். முப்பத்தோராம் நாளில் செத்தவரின் சோற்றைத் தொடாமல் போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.